பெக்ஜேயும் யமாத்தோவும்: பண்டைய கொரிய–ஜப்பானிய உறவைப் படித்தறிய ஒரு முழுமையான வழிகாட்டி

கொரியா வழியாக ஜப்பானுக்கு எழுத்தும் பௌத்தமும் போய்ச் சேர்ந்தன என்ற ஒற்றை வரியோடு பொது வரலாற்று நூல்கள் பலவும் இந்த விஷயத்தை முடித்துவிடுகின்றன. அதற்கு மேல் தெரிந்துகொள்ள முயல்பவர் இரண்டு கூச்சல்களுக்கு நடுவில் மாட்டிக்கொள்கிறார். ‘ஜப்பானுக்கு நாகரிகம் கற்றுக்கொடுத்தவர்கள் நாங்கள்’ என்பது ஒரு கூச்சல். ‘கொரியாவின் தென்பகுதி எங்கள் அரசருக்குக் கட்டுப்பட்டிருந்தது’ என்பது மற்றொன்று. எஞ்சியிருக்கும் சான்றுகளை வரிசையாகப் பார்த்துவந்தால் வேறொரு காட்சி தெரிகிறது. ஒருவருக்குப் படை தேவைப்பட்டது, மற்றவருக்கு எழுத்தரும் இரும்பும் தேவைப்பட்டன. நானூறு ஆண்டுகள் நீண்ட அந்தக் கொடுக்கல்வாங்கலில் இரு தரப்பும் தத்தம் கணக்கைக் கவனமாகவே பார்த்தன. அந்தக் கணக்கை நீங்களே படித்தறியும் வகையில் கீழ்வரும் படிகளை அமைத்திருக்கிறேன். முதல் இரண்டு படிகள் சற்று வறட்சியாக இருந்தாலும் அவற்றைத் தாண்டிக் குதிக்க வேண்டாம்.

படி 1: நிலப்படத்தையும் பெயர்களையும் சரிசெய்துகொள்ளுங்கள்

நாம் பேசும் 4 முதல் 7-ஆம் நூற்றாண்டு வரையான காலத்தில் ‘கொரியா’ என்ற ஒரு நாடு இல்லை. வடக்கே கொகுர்யோ, தென்மேற்கே பெக்ஜே, தென்கிழக்கே சில்லா என்று மூன்று அரசுகள் இருந்தன. நக்தோங் ஆற்றுப் பகுதியில் காயா என்ற பெயரில் சிற்றரசுகளின் கூட்டமொன்று இருந்தது. கடலுக்கு அப்பால் இருந்தவர்களைச் சீனரும் கொரியரும் ‘வா’ என்றழைத்தனர். அவர்களுள் வலிமை பெற்றது இன்றைய நாரா சமவெளியில் இருந்த யமாத்தோ அரசவை. ஜப்பானியர் தம் நாட்டுக்கு வழங்கும் ‘நிஹோன்’ என்ற பெயர் 7-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் வழக்கத்துக்கு வருகிறது.

பெயர்கள் இரட்டை வேடம் போடும் என்பதால் ஒரு தாளில் இரண்டு பத்திகள் போட்டு எழுதிவைத்துக்கொள்வது நல்லது. பெக்ஜே ஜப்பானிய மொழியில் குதாரா, சில்லா ஷிராகி, கொகுர்யோ கோமா. கொரியர் வாங் இன் என்று சொல்லும் அறிஞர்தான் ஜப்பானியரின் வானி. இதைச் செய்யாமல் படிக்கத் தொடங்கினால் ஒரே ஆளை இரண்டு பேராக எண்ணி ஏமாறுவீர்கள்.

பிறகு கடலைப் பாருங்கள். பூசானிலிருந்து த்சுஷிமா தீவு ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. வானம் தெளிவாக இருக்கும் நாளில் தீவின் வடமுனையிலிருந்து கொரியக் கரை கண்ணுக்குத் தெரியும். அதற்கு அடுத்து இக்கி தீவு, அதற்கும் அடுத்து கியூஷூ. இந்த வழியை 3-ஆம் நூற்றாண்டின் சீன வரலாற்று நூலான ‘மூவரசுக் குறிப்பு’ கட்டம் கட்டமாக விவரிக்கிறது. த்சுஷிமாவில் மலையும் அடர்காடும் மிகுதி, பாதைகள் பறவையும் மானும் போகும் தடம் போன்றவை, ஆயிரம் குடிகள் இருக்கின்றன, நல்ல வயல் இல்லை, ஆகவே மக்கள் கடலில் கிடைப்பதை உண்டு, படகேறித் தெற்கிலும் வடக்கிலும் போய்த் தானியம் வாங்குகின்றனர் என்கிறது அந்நூல். வடக்கே என்றால் கொரியா, தெற்கே என்றால் கியூஷூ. அரசர்கள் தூது அனுப்பத் தொடங்கும் முன்பே, அரிசி வாங்கப் போன இந்தத் தீவுக்காரர்கள் வழியை அறிந்துவைத்திருந்தார்கள்.

படி 2: ஒவ்வொரு நூலுக்கும் வயது கேளுங்கள்

ஜப்பானின் கோஜிகி 712-இலும் நிஹோன் ஷோகி 720-இலும் தொகுக்கப்பட்டன. கொரியாவின் சம்குக் சாகி 1145-இல் எழுதப்பட்டது. பேசப்படும் நிகழ்ச்சிகளுக்கும் இந்நூல்களுக்கும் இடையே நூற்றாண்டுகள் கிடக்கின்றன. பெக்ஜே தன் வரலாற்றை எழுதிவைத்திருந்தது; அந்த ஏடுகள் அழிந்துவிட்டன. அவற்றிலிருந்து நேரடி மேற்கோள்கள் எஞ்சியிருப்பது, வேடிக்கைதான், ஜப்பானின் நிஹோன் ஷோகியில். பெக்ஜே பற்றிய மூன்று நூல்களை அது பெயர் சொல்லி எடுத்தாள்கிறது.

அடுத்து, ஆண்டுக் கணக்கு. கிழக்காசியாவில் ஆண்டுகளுக்கு அறுபது பெயர்கள் சுழற்சியில் வரும். பிரபவ முதல் அட்சய வரை அறிந்த நமக்கு இதன் சிக்கல் உடனே புரியும்: பிரபவ ஆண்டு என்று மட்டும் எழுதிவைத்தால் எந்தப் பிரபவ என்று யார் சொல்வது? நிஹோன் ஷோகியைத் தொகுத்தவர்கள் தங்கள் அரச பரம்பரையின் தொன்மையை நீட்டும் முயற்சியில் சில கொரியச் செய்திகளை இரண்டு சுற்றுகள், அதாவது 120 ஆண்டுகள், முன்னுக்குத் தள்ளிவிட்டார்கள். பெக்ஜே அரசர் கன்சோகோவின் மரணம் அதில் 255-ஆம் ஆண்டுக்குரிய இடத்தில் வருகிறது. சம்குக் சாகியோ 375 என்கிறது. இடைவெளி மிகச் சரியாக 120. ஆகவே அந்நூலின் தொடக்கப் பகுதியில் கொரியா தொடர்பான ஆண்டு எதைக் கண்டாலும் 120-ஐக் கூட்டிப் பொருந்துகிறதா என்று பாருங்கள்.

இந்தச் சோதனையிலும் தேறாத கதைகள் உண்டு. வானி என்ற பெக்ஜே அறிஞர் கன்பூசியசின் ‘உரையாடல்’ நூலையும் ‘ஆயிரம் எழுத்து நூல்’ என்ற பாலபாடத்தையும் கொண்டுவந்தார் என்கிறது கோஜிகி; இளவரசருக்குக் கற்பித்தார் என்கிறது நிஹோன் ஷோகி. சுழற்சியைத் திருத்தினால் அது 5-ஆம் நூற்றாண்டின் தொடக்கம். இன்று நாம் அறியும் ஆயிரம் எழுத்து நூலோ சீனாவில் 6-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் இயற்றப்பட்டது. கதையைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. எழுத்தறிந்த குடியேறிகள் பலரின் நினைவு ஒரு மனிதரின் பெயரில் திரண்டிருக்கிறது என்று கொள்வதே எனக்குச் சரியாகப் படுகிறது.

படி 3: பொறிப்புகளை வாசியுங்கள், ஆனால் பெருமிதத்தைக் கழித்துக்கொண்டு

நாராவுக்கு அருகில் தென்ரி நகரிலுள்ள இசோனோகாமி கோயிலில் ஒரு விசித்திரமான இரும்பு வாள் இருக்கிறது. நீளம் 74.9 செ.மீ.; நடுத்தண்டிலிருந்து இருபுறமும் மாறி மாறி மும்மூன்று கிளைகள் கிளம்புகின்றன; நுனியையும் சேர்த்தால் ஏழு. போரில் வீசுவதற்கான வாள் அன்று இது. 1870-களில் கோயிலின் தலைமைப் பூசாரி துருவைச் சுரண்டியபோது அடியில் பொன் இழைத்த எழுத்துகள் தெரிந்தன. பெக்ஜே அரச குடும்பத்தினர் வா அரசருக்காகச் செய்வித்தது என்ற பொருள்பட அறுபதுக்கும் மேற்பட்ட எழுத்துகள் இருபுறமும் ஓடுகின்றன. அதிலுள்ள ஆண்டைப் பெரும்பாலான ஆய்வாளர்கள் 369 என்று படிக்கின்றனர்.

சண்டை தொடங்குவது இங்கேதான். மேலானவர் கீழானவருக்கு அளித்த வாள் என்று ஒரு சாராரும், கீழானவர் மேலானவருக்குச் செலுத்திய காணிக்கை என்று மறு சாராரும் சிதைந்த சில எழுத்துகளை வைத்துக்கொண்டு நூறாண்டுக்கும் மேலாக வாதாடுகிறார்கள். அந்த ஆண்டில் பெக்ஜேயின் நிலை என்ன என்று கேட்டால் விஷயம் எளிதாகிறது. 369-இல் கொகுர்யோ பெக்ஜேயின் மீது படையெடுத்தது; 371-இல் பெக்ஜே திருப்பித் தாக்கி கொகுர்யோ அரசரையே கொன்றது. வடக்கே இப்படியொரு பகையை வைத்துக்கொண்டிருக்கும் அரசர், தெற்குக் கடலுக்கு அப்பால் ஒரு நண்பரைத் தேடுவது இயல்பு. வாள் அந்த நட்பின் அடையாளம். யார் மேல், யார் கீழ் என்பதை இரு அரசவைகளும் தத்தம் வீட்டில் தமக்கு வசதியாகச் சொல்லிக்கொண்டிருக்கும்.

இரண்டாவது சான்று, இன்றைய சீனாவின் ஜிலின் மாகாணத்தில் ஜியான் நகரில் நிற்கும், கொகுர்யோ அரசர் குவாங்கேத்தோவின் கல்தூண். 414-இல் அவ்வரசரின் மகன் நிறுவிய இது 6 மீட்டருக்கும் மேல் உயரமானது. ஏறத்தாழ 1,775 எழுத்துகள் கொண்டது. 391-ஐக் குறிக்கும் ஆண்டில் வா மக்கள் கடல் கடந்து வந்து பெக்ஜேயையும் சில்லாவையும் அடக்கினர் என்று படிக்கத்தக்க ஒரு வரி இதில் உண்டு. இந்த வரியின் படியெடுப்பு 1880-களில் ஒரு ஜப்பானியப் படை அதிகாரி வழியாகத் தோக்கியோவுக்குப் போனதால், எழுத்துகளைச் சுண்ணாம்பு பூசித் திருத்திவிட்டார்கள் என்ற குற்றச்சாட்டு 1972-இல் எழுந்தது. படியெடுத்து விற்ற உள்ளூர்க்காரர்கள் தெளிவுக்காகச் சுண்ணாம்பு பூசினார்கள் என்ற விளக்கமே பின்னர் வலுப்பெற்றது. வரி அங்கே இருந்தது என்றே வைத்துக்கொண்டாலும், அதைச் செதுக்கியவர் ஜப்பானியர் அல்லர், தந்தையின் வெற்றியைப் பாட விரும்பிய கொகுர்யோ அரசர் என்பதை மறக்கக் கூடாது. எதிரியைப் பெரிதாகக் காட்டினால்தான் வென்றவன் பெரியவன். எந்த மெய்க்கீர்த்தியையும் படிக்கும்போது வைத்துக்கொள்ள வேண்டிய எச்சரிக்கைதான் இது.

இதே தூண் இன்னொரு செய்தியையும் தருகிறது: 400-இல் சில்லாவைக் காக்க கொகுர்யோ ஐம்பதாயிரம் படையினரை அனுப்பி, வா படையைக் காயா எல்லைவரை துரத்தியது. அடுத்த படிக்கு இது முக்கியம்.

படி 4: அடுப்பங்கரையையும் பட்டறையையும் பாருங்கள்

நூல்கள் அரசர்களைப் பற்றிப் பேசும். மண்ணுக்கடியில் கிடைப்பது பானையும் அடுப்பும். 3-ஆம் நூற்றாண்டிலேயே கொரியாவின் தென்கோடியில் இரும்பு கிடைத்தது, அதை வாங்க வா மக்களும் வந்தனர், சந்தையில் இரும்பே காசுபோல் செல்லுபடியானது என்று சீனக் குறிப்பு சொல்கிறது. இரு முனைகளும் அகன்ற தட்டையான இரும்புக் கட்டிகள் காயா கல்லறைகளிலும் ஜப்பானியக் கல்லறைகளிலும் ஒரே வடிவத்தில் அடுக்கடுக்காகக் கிடைக்கின்றன. ஜப்பானில் கனிமத்திலிருந்து இரும்பு உருக்கும் தொழில் 6-ஆம் நூற்றாண்டில்தான் வேரூன்றியது. அதுவரை வாளுக்கும் மண்வெட்டிக்கும் மூலப்பொருள் கடல் கடந்தே வந்தது. காயாவோடு உறவு முறிந்தால் யமாத்தோவின் பட்டறை அணைந்துவிடும். வா அரசர்கள் கொரியப் போர்களில் ஏன் மூக்கை நுழைத்தார்கள் என்ற கேள்விக்கு இதைவிட நல்ல விடை எனக்குத் தெரியவில்லை.

400-ஆம் ஆண்டுப் போருக்குப் பின் காயா தளர்ந்தது. அங்கிருந்து கைவினைஞர்கள் கடல் கடந்தனர். அவர்களோடு சரிவில் அமைந்த சுரங்கச் சூளையும் குயவர் சக்கரமும் போயின. 1,000 பாகைக்கு மேல் சுட்ட, தட்டினால் கணீரென்று ஒலிக்கும் சாம்பல்நிற ‘சுவே’ மட்கலம் இன்றைய ஒசாகாவின் தென்பகுதியில் பெருமளவில் உற்பத்தியானது. குதிரையும் சேணமும் கடிவாளமும் இதே அலையில் வந்தவை. இவற்றைவிட என்னைக் கவர்வது அடுப்பு. அதுவரை குடிசையின் நடுவே திறந்த குழியில் தீ மூட்டிய ஜப்பானியக் குடும்பங்கள், சுவரோடு சேர்த்துக் களிமண்ணால் கட்டி, மேலே பானை அமரும் துளையும் பின்னால் புகைபோக்கியும் வைத்த அடுப்புக்கு 5-ஆம் நூற்றாண்டில் மாறின. அதனுடன் அடியில் துளையிட்ட, ஆவியில் வேகவைக்கும் பானையும் வந்தது. எந்த அரசரும் தூது அனுப்பி இதைக் கேட்கவில்லை. கொரியாவிலிருந்து வந்து குடியேறிய பெண்கள் தங்கள் வழக்கப்படி சமைத்திருப்பார்கள், பக்கத்து வீட்டுக்காரிகள் பார்த்திருப்பார்கள்.

போக்குவரத்து ஒருவழிப் பாதையாக இருக்கவில்லை. ஜப்பானுக்கே உரியது என்று கருதப்பட்ட சாவித்துளை வடிவக் கல்லறை மேடுகள், கொரியாவின் தென்மேற்கிலுள்ள யோங்சான் ஆற்றுப் படுகையிலும் அதன் அண்டையிலும் பத்துக்கு மேல் கண்டுபிடிக்கப்பட்டுள்ளன. காலம் 5-ஆம் நூற்றாண்டின் இறுதியும் 6-ஆம் நூற்றாண்டின் தொடக்கமும். உள்ளே கிடப்பவர்கள் பெக்ஜேக்குப் பணிபுரிந்த வா மக்களா, வா பாணியை விரும்பிய உள்ளூர்த் தலைவர்களா என்ற விவாதம் ஓயவில்லை.

படி 5: ஒரு கல்லறையில் நின்று நிதானியுங்கள்

1971 ஜூலையில் கொரியாவின் கோங்ஜு நகரில், பழைய கல்லறை ஒன்றுக்குள் நீர் கசிவதைத் தடுக்க வடிகால் தோண்டியவர்களின் கருவி ஒரு செங்கல் சுவரில் மோதியது. கொள்ளையர் கை படாத அந்த அறையின் வாசலில் ஒரு கற்பலகை கிடந்தது. அதன்மேல் ஒரு கட்டுச் சீனக் காசுகள். செய்தியறிந்து கூட்டம் திரண்டதால், மாதக்கணக்கில் செய்ய வேண்டிய அகழாய்வை ஓர் இரவில் அள்ளி முடித்தார்கள். கொரியத் தொல்லியலாளர் இன்றும் நாணத்தோடு நினைவுகூரும் இரவு அது. ஆனாலும் பலகை பேசியது: பெக்ஜே அரசர் சாமா, 62 வயதில், 523-இல் மறைந்தார். இறந்தபின் அவருக்கு வழங்கிய பெயர் மூர்யோங்.

இப்போது நிஹோன் ஷோகியைத் திறந்து 461-க்குரிய பகுதியைப் பாருங்கள். பெக்ஜேயிலிருந்து யமாத்தோவுக்குப் புறப்பட்ட ஓர் இளவரசரின் பயணத்தில் உடன்வந்த கர்ப்பிணி, கியூஷூ கரையோரத் தீவொன்றில் குழந்தை பெற்றாள். அதனால் அவனுக்கு ‘ஷிமா’ என்று பெயர். ஜப்பானிய மொழியில் ஷிமா என்றால் தீவு. வெறும் கட்டுக்கதை என்று ஒதுக்கப்பட்டிருந்த செய்தி இது. பிறந்ததுமே ஒரு வயது என்று எண்ணும் கிழக்காசிய முறைப்படி, பலகையின் வயதைக் கழித்துப் பார்த்தால் பிறந்த ஆண்டு 462. ஒரே ஓர் ஆண்டுதான் வேறுபாடு. பெயரும் ஒத்துப்போகிறது. சம்குக் சாகி அவரை முந்தைய அரசர் தோங்சோங்கின் மகன் என்கிறது. ஆனால் தோங்சோங் 479-இல் பட்டமேறியபோதே இளைஞர். அப்போது மூர்யோங்குக்குப் பதினெட்டு வயது. இந்த இடத்தில் ஜப்பானிய நூலே உண்மைக்கு நெருக்கமாக நிற்கிறது, காரணம் அது எடுத்தாண்டது பெக்ஜேயின் சொந்த ஏட்டை.

சவப்பெட்டியின் பலகையைப் பின்னர் ஆராய்ந்தபோது அது கோயமாகி என்ற ஊசியிலை மரம் என்று தெரிந்தது. அந்த மரம் இயற்கையாக வளர்வது ஜப்பானில் மட்டும். சீனப் பாணிச் செங்கல் அறையில், ஜப்பானிய மரப்பெட்டியில், கொரிய அரசர் ஒருவர் கிடக்கிறார். 2001-இல் ஜப்பானியப் பேரரசர் அக்கிஹித்தோ, 8-ஆம் நூற்றாண்டின் கன்மு பேரரசரின் தாய் மூர்யோங் வழிவந்தவர் என்று பழைய ஏடு கூறுவதைச் சுட்டி, கொரியாவோடு தமக்கு உறவு உணர்வு உண்டு என்று பேசினார்.

படி 6: என்ன கொடுத்து என்ன பெற்றார்கள் என்று இரு பத்தியில் எழுதுங்கள்

6-ஆம் நூற்றாண்டுச் செய்திகளை இப்படி எழுதினால் கண் திறக்கும். 513-இல் பெக்ஜே கன்பூசிய மரபின் ஐந்து செவ்விலக்கியங்களில் வல்ல ஓர் அறிஞரை அனுப்புகிறது. அதே ஆண்டில் காயாவின் எல்லையிலுள்ள ஒரு நிலப்பகுதி குறித்து யமாத்தோவின் ஆதரவைக் கேட்கிறது. 516-இல் அவருக்கு மாற்றாக வேறொருவர் வருகிறார். அலுவலர்களை மாற்றலில் அனுப்புவதுபோல் அறிஞர்கள் முறைவைத்து வந்தார்கள். 553-இல் யமாத்தோ 2 நல்ல குதிரைகள், 2 படகுகள், 50 விற்கள், 50 தூணி அம்புகள் அனுப்பி, மருத்துவர், நாள்கணிப்பவர், குறிநூல் வல்லார் ஆகியோரின் முறை முடிகிறது, மாற்றாட்களை அனுப்புங்கள், நூல்களும் மருந்துகளும் வேண்டும் என்று எழுதுகிறது. 554-இல் ஆயிரம் வீரர், நூறு குதிரை, நாற்பது கப்பல் தருவதாக வாக்களிக்கிறது. பெக்ஜேயிலிருந்து மருத்துவரும் மூலிகை சேகரிப்பவரும் இசைவாணரும் வந்திறங்குகின்றனர். அந்த ஆண்டிலேயே பெக்ஜே அரசர் சோங் சில்லாவுடனான போரில் கொல்லப்பட்டார்.

பௌத்தமும் இந்தப் பட்டியலில்தான் வருகிறது. சோங் அரசர் புத்தர் சிலையும் சூத்திரங்களும் அனுப்பியது 538 என்று கோயில் மரபும், 552 என்று நிஹோன் ஷோகியும் கூறுகின்றன. எந்த ஆண்டானாலும் அவருக்கு நண்பர் தேவைப்பட்ட நேரம் அது. யமாத்தோவில் சோகா குடும்பம் புதிய தெய்வத்தை ஏற்றது. மொனோனோபே குடும்பம் எதிர்த்தது. கொள்ளைநோய் வந்ததும் சிலையை நானிவா கால்வாயில் எறிந்தார்கள். 587-இல் சோகா வென்றபின், 588-இல் பெக்ஜே 2 கோயில் தச்சர், கோபுர உச்சிக் கலசம் வார்ப்பவர் ஒருவர், 4 ஓட்டு வல்லுநர், ஓவியர் ஒருவர் என்று ஆட்களை அனுப்பியது. அவர்கள் கட்டிய அசுகா கோயிலில்தான் ஜப்பான் முதன்முதலாகக் கூரை ஓட்டைக் கண்டது. அதன் ஓட்டிலுள்ள தாமரை பெக்ஜேயின் தாமரை. ஒரு கோபுரத்தைச் சுற்றி மூன்று சன்னதிகள் என்ற அமைப்போ கொகுர்யோவின் கோயில்களில் காணப்படுவது.

ஜப்பானில் முதலில் துறவு பூண்டவர்கள் பெண்கள் என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. 584-இல் கொகுர்யோவைச் சேர்ந்த ஒருவரிடம் தீட்சை பெற்ற சென்ஷின் என்ற சிறுமிக்கு வயது 11. எதிர்ப்பாளர்கள் அவளைப் பொதுவிடத்தில் சாட்டையால் அடித்தார்கள். 588-இல் அவள் தோழியரோடு பெக்ஜே சென்று துறவு விதிகளைக் கற்று, 590-இல் திரும்பினாள். வெளிநாடு சென்று கற்ற ஜப்பானின் முதல் மாணவியர் இவர்களே.

தூது என்பது எழுத்தறிவுப் போட்டியாகவும் இருந்தது. 572-இல் கொகுர்யோ அனுப்பிய மடலை அரசவை எழுத்தர்கள் மூன்று நாள் பார்த்தும் படிக்க முடியவில்லை. காக்கையின் கருஞ்சிறகில் கருமையால் எழுதியிருந்தது. குடியேறிகள் வழிவந்த வாங் ஜின்னி என்பவர் சிறகைச் சோற்று ஆவியில் காட்டி, மென்பட்டில் ஒற்றியெடுத்தார். எழுத்துகள் பட்டில் பதிந்தன. கதை உண்மையோ புனைவோ, படிக்கத் தெரிந்தவர்கள் யார் என்ற கேள்விக்கு யமாத்தோ அரசவையே எழுதிவைத்த விடை இது.

படி 7: 663-ஐ முடிவாக எண்ணாதீர்கள்

660-இல் தாங் சீனாவும் சில்லாவும் சேர்ந்து பெக்ஜேயை வீழ்த்தின. யமாத்தோவில் வாழ்ந்த பெக்ஜே இளவரசர் புங் படையோடு திரும்பினார். 663-இல் பெக்காங் ஆற்று முகத்தில் நான்கு மோதல்களில் நான்கிலும் வா கப்பற்படை தோற்றது. 400 கப்பல்கள் எரிந்தன என்கிறது சீன ஏடு. பெக்ஜே என்ற பெயர் இன்றோடு அற்றது, முன்னோர் கல்லறைகளை இனி எப்படிப் போய்ப் பார்ப்போம் என்று தம்முள் புலம்பியபடி மக்கள் கப்பலேறினர்.

வந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. கியூஷூவில் ஓனோ, கீ என்ற மலைக்கோட்டைகளைப் பெக்ஜே தளபதிகள் தங்கள் நாட்டு முறைப்படி கட்டுவித்தனர். 665-இல் 400 பேர் ஓமி பகுதியில் நிலம் பெற்றனர். 666-இல் 2,000 பேர் கிழக்கே குடியேற்றப்பட்டனர். 671-இல் பெக்ஜே பிரபுக்கள் பலருக்கு அரசவைப் பதவிகள் கிடைத்தபோது ஊரில் ஒரு பாட்டு உலவியது: தனித்தனிக் கிளைகளில் பிறந்தாலும் நாரத்தைகள் கோக்கும்போது ஒரே சரத்தில் கோக்கப்படுகின்றன. வரவேற்பா, பொறாமையா என்று பாட்டு சொல்லவில்லை. 815-இல் தொகுத்த குடிப்பெயர்ப் பதிவேட்டில் தலைநகர்ப் பகுதியின் 1,182 குடும்பங்களுள் 326 கடல் கடந்து வந்தவர்களாகப் பதிவாகியுள்ளன. அவற்றுள் 104 பெக்ஜேயைச் சேர்ந்தவை.

படி 8: வென்ற சில்லாவோடு வணிகம்

போரில் எதிர்த்த சில்லாவே அடுத்த தோழன் ஆனது. 669-க்கும் 702-க்கும் இடையே ஜப்பான் சீனாவுக்குத் தூது அனுப்பவில்லை. சட்டமும் தலைநகர அமைப்பும் உருவான அந்த முக்கியமான காலத்தில் சில்லாத் தூதர்களே அடிக்கடி வந்துபோயினர். 752-இல் 7 கப்பல்களில் 700-க்கும் மேற்பட்டோர் வந்தபோது, நாராவின் பிரபுக்கள் என்னென்ன வாங்க விரும்புகிறார்கள் என்று எழுதிக்கொடுத்த தாள்கள் தப்பிப் பிழைத்திருக்கின்றன. கிராம்பு, அகில், மருந்து, சாயம், கண்ணாடி, உலோகக் கிண்ணம் என்று பட்டியல் நீள்கிறது. கிராம்பு தென்கடல்களிலிருந்து பல கை மாறி வந்த சரக்கு. பயன் முடிந்ததும் அந்தத் தாள்களை ஒரு திரைச்சீலைத் தட்டியின் உட்பக்கத்தில் ஒட்டிவிட்டார்கள். அதனால்தான் அவை நமக்குக் கிடைத்தன.

அந்தத் தட்டி இருந்த ஷோசோயின் கருவூலத்தின் பொருள்களில் சில ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் நாரா தேசிய அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வருகின்றன. எந்தெந்தப் பொருள் என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும். பட்டியலில் ‘சஹாரி’ என்ற சொல் வந்தால் அந்த ஆண்டு போய்ப் பாருங்கள். செம்பும் வெள்ளீயமும் கலந்த உலோகம் அது; சில்லாவிலிருந்து வந்த கரண்டிகள் அதில் செய்தவை. அக்காலச் சீனாவிலும் கொரியாவிலும் உணவுக்குக் கரண்டி வழக்கம். ஜப்பானியர் கோல்களோடு நின்றுவிட்டார்கள். அந்தக் கரண்டிகளில் சில, கப்பலில் வந்தபோது தாள் சுற்றிக் கயிற்றால் கட்டிய அதே கட்டுக் கட்டாக, அவிழ்க்கப்படாமல் இன்னும் இருக்கின்றன.